அட்டையில் ஒரு மெத்தைக் கடை

மைத்துனன்: மாமா, கையை எடுங்க! அந்தக் குட்டி மரம் இன்னும் காயலை.

மெத்தைக்காரர்: தொட்டுப் பார்க்கக்கூடாதுன்னா அப்புறம் எதுக்கு மாடிக்குக் கூப்பிட்டே?

மைத்துனன்: பார்க்கக் கூப்பிட்டேன். அவ்வளவுதான்.

மெத்தைக்காரர்: இந்தப் புல்லு எதுல செஞ்சது?

மைத்துனன்: மரத்தூள். பச்சைச் சாயத்துல ஊறவச்சு, வெயில்ல காயப்போட்டு...

மெத்தைக்காரர்: நாப்பத்திரண்டு வயசு உனக்கு. மரத்தூளுக்குச் சாயம். அங்கே நான் ஒருத்தன் காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் கடையில மெத்தையைத் தூக்கிப் போட்டு முதுகை ஒடிச்சுக்கிறேன்.

மைத்துனன்: ம்.

மெத்தைக்காரர்: என்ன 'ம்'?

மைத்துனன்: ஒண்ணுமில்ல. சொல்லுங்க.

மெத்தைக்காரர்: இந்தப் பொம்மைக் கார் ரோட்டு நடுவுல இருக்கிற பள்ளத்தை விட்டு வெளியே வராதா?

மைத்துனன்: அடியில ஆணி மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. அது பள்ளத்துக்குள்ளேயே ஓடும். வேகம் மட்டும்தான் நம்ம கையில. வளைவுல ரொம்ப அழுத்தினா வெளியே பறந்திடும்.

மெத்தைக்காரர்: திரும்பித் திரும்பி வந்த இடத்துக்கே வரும்.

மைத்துனன்: அதுதான் ரேஸ். நாலு மணிக்கு எங்க பொம்மைக் கார் கிளப் ஆளுங்க வர்றாங்க. இந்தத் தடவை ரோட்டு ஓரத்துல வைக்கிற கட்டடத்துக்குத்தான் பரிசு. யாரு அச்சு அசலா செஞ்சிருக்காங்கன்னு பார்ப்பாங்க.

மெத்தைக்காரர்: இரு இரு... இந்த மருந்துக் கடை... பக்கத்துல சலூன், கிழிஞ்ச பந்தல்... டேய், இது நம்ம கடைத்தெருடா!

மைத்துனன்: கண்டுபிடிச்சிட்டீங்களா?

மெத்தைக்காரர்: பேங்க் படியில உடைஞ்ச மூலைகூட இருக்கு! மாப்ளே, உன்னை என்னமோன்னு நினைச்சேன். வாட்ச்மேன் நாற்காலிக்கு மூணே கால்!

மைத்துனன்: நாலாவது காலுக்குச் செங்கல் வச்சிருக்கேன். குனிஞ்சு பாருங்க.

மெத்தைக்காரர்: அட, ஆமா! ஜன்னல் கண்ணாடி?

மைத்துனன்: சட்டை டப்பா மேல வர்ற பிளாஸ்டிக்.

மெத்தைக்காரர்: அப்ப என் கடையும் இருக்கணுமே. பேங்க், சலூன், மருந்துக் கடை, அப்புறம்... ம்.

மைத்துனன்: என்ன மாமா?

மெத்தைக்காரர்: ஏன் ஷட்டர் இறங்கியிருக்கு?

மைத்துனன்: அது...

மெத்தைக்காரர்: ஞாயித்துக்கிழமை போய் படம் எடுத்தியா?

மைத்துனன்: செவ்வாய்க்கிழமை. பதினோரு மணி.

மெத்தைக்காரர்: டீ குடிக்கப் போயிருப்பேன்.

மைத்துனன்: டீ குடிக்கப் போனா ஷட்டரை இழுத்து விட்டுட்டா போவீங்க?

மெத்தைக்காரர்: திருட்டுப் பயம்.

மைத்துனன்: மெத்தையை யார் மாமா தூக்கிட்டு ஓடுவா?

மெத்தைக்காரர்: சரி, ஷட்டர் இருக்கட்டும். துரு எதுக்கு? காய்ஞ்ச இலையை எதுக்குக் குவிச்சு வச்சிருக்கே? அடியில இத்தனை கடுதாசி சொருகியிருக்கு! பார்க்கிறவன் என்ன நினைப்பான்?

மைத்துனன்: அங்கே இருந்ததுதான் இங்கே இருக்கு.

மெத்தைக்காரர்: ஒரு நாள்ல இவ்வளவு குப்பை சேருமா? பொய் சொல்லாதே.

மைத்துனன்: வாசப்படியில பூனை குட்டி போட்டிருந்துச்சு மாமா. மூணு குட்டி.

மெத்தைக்காரர்: பூனையா? இங்கே காணோமே.

மைத்துனன்: பூனையை வைக்கலை. வைக்க மனசு வரலை.

மெத்தைக்காரர்: கதவைச் சாத்து.

மைத்துனன்: சாத்தித்தான் இருக்கு.

மெத்தைக்காரர்: உங்க அக்கா எங்கே?

மைத்துனன்: கீழே. டீ போடுறா.

மெத்தைக்காரர்: மூணு மாசமாச்சு.

மைத்துனன்: கடையை மூடியா?

மெத்தைக்காரர்: தெருவை ஒருவழி ஆக்கினாங்கல்ல. மெத்தை வாங்குறவன் வண்டியோட வருவான். அவன் ஒரு சுத்து சுத்தி, நாலு சிக்னல் தாண்டி எதுக்கு என்கிட்ட வரணும்? ஒரு வாரம் முழுக்க ஒருத்தன் வந்தான். அவனும் தலகாணி கேட்டான்.

மைத்துனன்: வீட்டுல சொல்லியிருக்கலாமே.

மெத்தைக்காரர்: சொல்லத்தான் போனேன். கை கழுவிட்டு வந்து உட்கார்ந்தா, தட்டை வச்சுக்கிட்டே 'இன்னிக்கு வியாபாரம் எப்படிங்க'ன்னு கேட்டா. என் வாய் தானா 'பரவாயில்லை'ன்னுது. மறுநாளும் கேட்டா. ஒரு மெத்தை போச்சுன்னேன். அப்புறம்... நிறுத்தத் தெரியலை மாப்ளே.

மைத்துனன்: அப்ப தினமும் காலையில டிபன் கேரியரோட எங்கே போறீங்க?

மெத்தைக்காரர்: சிரிக்கக்கூடாது.

மைத்துனன்: இல்ல.

மெத்தைக்காரர்: கண் ஆஸ்பத்திரிக்கு.

மைத்துனன்: கண்ணுக்கு என்ன?

மெத்தைக்காரர்: ஒண்ணுமில்ல. அங்கே ஃபேன் நல்லா ஓடும். டோக்கன் எடுத்துட்டு உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க. இப்பத்தான் கொஞ்ச நாளா நர்ஸம்மா ஒரு மாதிரி பார்க்குறாங்க. நாலு தடவை சொட்டு மருந்து ஊத்தி டெஸ்ட் பண்ணிட்டாங்க.

மைத்துனன்: ஹ்ஹ்... ஹச்!

மெத்தைக்காரர்: சிரிக்கிறே.

மைத்துனன்: இல்ல மாமா. தும்மல்.

மெத்தைக்காரர்: அய்யோ, படியில சத்தம்! அந்தப் பேப்பரை எடு... மூடு மூடு!

மைத்துனன்: பெயிண்ட் ஒட்டிக்கும்!

மெத்தைக்காரர்: ஒட்டட்டும்!

அக்கா: என்ன, ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு? இந்தாங்க டீ. அங்கே என்ன பேப்பரை விரிச்சிருக்கீங்க?

மெத்தைக்காரர்: காயுது. தூசி விழும்னு நான்தான் மூடச் சொன்னேன்.

அக்கா: அவ்வளவு அக்கறையா? பரவாயில்லையே. டேய், உங்க மாமா நேத்து சொன்னாரா? ஒரே நாள்ல ரெண்டு மெத்தை வித்திருக்காரு.

மைத்துனன்: அப்படியா மாமா?

மெத்தைக்காரர்: ம்... ஆமா. ரெண்டு.

அக்கா: சிங்கிளா, டபுளா? சொல்லவே இல்லையே.

மெத்தைக்காரர்: டபுள்.

அக்கா: அடேயப்பா! ரெண்டையும் நீங்களே தூக்கி வண்டியில ஏத்தினீங்களா?

மெத்தைக்காரர்: பின்னே?

அக்கா: அதான் முகம் வாடிக் கிடக்கு. சாயங்காலம் முதுகுக்குத் தைலம் தேய்ச்சு விடுறேன். டீயைக் குடிங்க, ஆறுது. அடுப்புல பால் வச்சிருக்கேன், பார்த்துட்டு வர்றேன்.

மெத்தைக்காரர்: போயிட்டாளா?

மைத்துனன்: போயிட்டா.

மெத்தைக்காரர்: மாப்ளே, உன் காலைப் பிடிச்சுக் கேட்கிறேன். நாலு மணிக்குள்ள இந்த ஷட்டரைத் தூக்கி விட்டுடு. உள்ளே ரெண்டு மெத்தை வை. பஞ்சு நான் தர்றேன்.

மைத்துனன்: தூக்க முடியாது. அட்டைப்பெட்டிக்குள்ள இருக்குமே வரிவரியா ஒரு காகிதம், அதைப் பிரிச்சு ஒட்டினது. பிச்சா சுவரே வந்துடும்.

மெத்தைக்காரர்: அப்ப முன்னாடி ஒரு மரத்தை நடு.

மைத்துனன்: அங்கே மரம் இல்ல. கிளப் ஆளுங்க எல்லாருக்கும் அந்தத் தெரு தெரியும்.

மெத்தைக்காரர்: உனக்குப் பரிசு பெரிசா, அக்கா குடும்பம் பெரிசா? எல்லாரும் இங்கேதான் நிப்பாங்க, அவளும் நிப்பா. வாட்ச்மேன் நாற்காலியில செங்கலைப் பார்க்கிறவன் என் ஷட்டரைப் பார்க்காமப் போவானா? 'ஏன் மூடியிருக்கு'ன்னு எவனாவது ஒருத்தன் கேட்பான்...

மைத்துனன்: கேட்டா சொல்லிடுங்களேன்.

மெத்தைக்காரர்: இத்தனை பேர் முன்னாடியா?

மைத்துனன்: அப்ப இப்பவே கீழே போய்ச் சொல்லுங்க. அக்கா என்ன, கடிச்சா தின்னுடுவா?

மெத்தைக்காரர்: மூடினதைச் சொல்லிடலாம்டா. அந்தத் தொண்ணூறு நாளா வித்த மெத்தையை என்ன சொல்றது? ஒரு நாள் மூணு மெத்தைன்னு சொன்னேன். சந்தோஷத்துல பாயசம்... இல்ல, என்னமோ இனிப்பு செஞ்சா. அதைச் சாப்பிட்டேனே நான். அந்த பிளேடைக் கொடு.

மைத்துனன்: எதுக்கு?

மெத்தைக்காரர்: கொடு. ஓரமா நானே மெதுவா...

மைத்துனன்: மாமா, வேணாம்! அது ரெண்டு நாள் வேலை! மாமா!

அக்கா: என்ன சத்தம்? என்னங்க... அதைப் பிய்க்காதீங்க.

மெத்தைக்காரர்: யாரு பிய்க்கிறா? தூசி தட்டுறேன்.

அக்கா: பிளேடாலேயா?

மெத்தைக்காரர்: உன் தம்பிதான்... ஏதோ கோணலா ஒட்டியிருக்கான்...

அக்கா: கோணலா? எங்கே? விரலை எடுங்க பார்ப்போம். நேராத்தானே இருக்கு.

மெத்தைக்காரர்: இல்ல, இவன் வேலை எப்பவுமே...

அக்கா: அவனுக்கு மரமும் புல்லும்தான் வரும். ஷட்டர் நான் செஞ்சது. போன வாரம் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணி, 'உங்க வீட்டுக்காரர் கண்ணு நல்லாத்தான் இருக்கு, எதுக்கு தினமும் வர்றாரு'ன்னு கேட்டாங்க. அன்னிக்கே கடைக்குப் போய் நின்னு அளவெடுத்துட்டு வந்தேன். ரெண்டு நாள் குனிஞ்சு துரு பூசினதுல எனக்குக் கண்ணு எரியுதுங்க... நாளைக்குப் போகும்போது எனக்கும் சேர்த்து ஒரு டோக்கன் எடுத்து வைங்க.