விலாசினி டீச்சரின் வெள்ளாடு

சபைக் கமிட்டியாரே, வாடகைக்கு இருப்பவர்களிடம் நான் முகம் கறுத்துப் பேசியதில்லை. பாறசாலையில் இந்த எலியாவின் வீட்டில் குடியிருந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அது என் சுபாவம்.

விலாசினி டீச்சர் குடிவந்தபோது, மிருகம் எதுவும் கூடாது என்றுதான் பேச்சு. அந்தச் சிவப்புத் தரையைத் தேய்த்து மினுக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் கணவர் இறந்தபிறகு, தனியாக இருந்தால் டீச்சருக்கு மூச்சு அடைக்கும். உயிருள்ள எதையாவது கூடவே வைத்துக்கொள்ளச் சொன்னாராம் டாக்டர். பூனை கேட்கலாம், கிளி கேட்கலாம். டீச்சர் கேட்டது ஆரியங்கோட்டில் அவர் அண்ணன் வீட்டில் நின்ற வெள்ளாட்டை. பெயர் அம்மு.

சம்மதித்தேன். அம்மு கட்டிலுக்கு அடியில் படுத்தது. ஜன்னல் திரையைத் தின்றது. தரை முழுக்கப் புழுக்கை போட்டது. டீச்சருக்கு மூச்சு சீரானது. எனக்குத்தான் அடைத்தது. ஆனாலும் கொடுத்த சம்மதத்தைத் திரும்ப வாங்குவது மரியாதையா?

நம் சபை அசனத்தில் ஊருக்கே ஆட்டுக்கறிச் சோறு போடுகிறோம். அதற்கு வருஷம்தோறும் ஓர் ஆடு கொடுப்பது எங்கள் குடும்பத்தின் நேர்ச்சை. அசனத்துக்கு முந்தின நாள் டீச்சர் பள்ளிக்கூடம் போயிருந்தார். மாற்றுச்சாவி என்னிடம் உண்டு. விற்றிருந்தால் திருட்டு. நான் ஆண்டவருக்கல்லவா கொடுத்தேன்? போதகர் ஐயா, நீங்கள்தான் ஜெபம் பண்ணி அம்முவை வாங்கினீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆட்டைக் காணாமல் டீச்சர் தவித்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷன் வரை நானும் கூடவே அலைந்தேன். எஸ்.டி.டி. பூத்தில் விசாரித்தேன். "அம்மு, அம்மு" என்று கூப்பிட்டதில் என் குரல்தான் பெரிதாகக் கேட்டது. மறுநாளும் டீச்சர் தண்ணீர்கூடக் குடிக்காமல், சுவரைப் பிடித்தபடி மூச்சுக்குத் திணறினார். உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று பயந்து, அசனச் சோற்றைத் தூக்குவாளியில் கொண்டுபோனேன்.

"ரெண்டு வாய் தின்னுங்க டீச்சரே. வயித்துல எதாவது கெடந்தாத்தானே நாளைக்கும் தேடப் போவலாம்."

தின்றார். வாளியில் எலும்புதான் மிஞ்சியது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இனி உங்கள விட்டா ஆரு உண்டு அண்ணா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஊட்டியது அம்முவைத்தான், அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் நான் அழுதது பொய்யில்லை. கமிட்டியார் அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.