எதிர்கொண்டு போகும் சொல்

மாதா திருநாள் மேடையின் தலைவர் அருட்தந்தை கிரிகோரி அவர்களே! கடலுக்குக் கணவரையும் கரைக்குக் கண்களையும் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களே! பெரியோர்களே! எல்லோரும் சுகந்தானே? ஆட்டுக்கறி வெந்துவிட்டதா? இல்லையா? நல்லது, அப்படியானால் ஆற அமரப் பேசலாம்!

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். எனக்குத் தெரிந்த வேதமெல்லாம் கோயிலில் நின்று காதில் வாங்கியது. அப்படி வாங்கிய ஒரு சொல், நம் முன்னோரின் கிரேக்கச் சொல், அபாந்திசிஸ்! வருகிறவரை ஊருக்கு வெளியே போய் எதிர்கொண்டு, அவரோடு திரும்பி ஊருக்குள் நடப்பது. என் கழுதைகூட என்னை எதிர்கொண்டு ஓடிவரும். ஆனால் திரும்பி நடக்காது, அங்கேயே படுத்துக்கொள்ளும். அதற்குப் பாதிச் சொல்தான் தெரியும்!

மணமகன் வருகிறார் என்று குரல் கேட்டதும் கன்னிகள் விளக்கோடு புறப்பட்டார்களே, அங்கே இருப்பது அந்தச் சொல்! ஆண்டவரை எதிர்கொள்ள நாம் மேகங்களுக்குப் போவோமே, அங்கே இருப்பதும் அந்தச் சொல்!

"மேகத்துக்குப் போறோம் மாமா! மத்தியானக் கப்பலுக்கு மட்டும் போக மாட்டோம்!"

கேட்டீர்களா? சரந்தி கத்துகிறான். கத்தட்டும், எரிந்தது அவன் ஒலிவத் தோப்பு. காற்றடித்த நாளில் சருகுக்குத் தீ வைத்து அதைச் சாம்பலாக்கிய அனெஸ்தி, சிறையிலிருந்து இன்றைய கப்பலில் வருகிறான். நம் தீவின் வழக்கம் உங்களுக்கே தெரியும். வாசனைப் பச்சிலைக் கொத்தோடு ஊர் துறைக்கு வராவிட்டால், வந்தவன் இறங்க மாட்டான். அப்படியே அடுத்த தீவுக்குப் போய்விடுவான். அவன் மனைவி பொலிக்ஸெனி, அதோ, கடைசி வரிசையில். "நீ போகலையாம்மா?" என்று காலையில் கேட்டேன். "பொண்டாட்டி மட்டும் போனா அது வரவேற்பா மாமா? ஊரு வரணும்ல" என்றாள்.

ஊரே, வருவாயா?

பவுல் ரோமாபுரிக்கு எப்படிப் போனார்? பல்லக்கிலா? படையோடா? படை வந்தது, காவலுக்கு! கையிலே விலங்கு! அந்தக் கைதியை எதிர்கொள்ள அங்கிருந்த சகோதரர்கள் நெடுந்தூரம் நடந்து வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பவுலுக்குத் தைரியம் வந்ததாம். பவுலுக்கே ஐயா! மணமகனுக்கு எந்தச் சொல்லோ, மேகத்தில் வரும் ஆண்டவருக்கு எந்தச் சொல்லோ, விலங்கோடு வந்த கைதிக்கும் அதே சொல்!

"பவுலு எவன் தோப்பக் கொளுத்துனாரு?"

தோப்பைக் கொளுத்தவில்லை, சரந்தி. சபையையே பாழாக்கினார். வீடு வீடாகப் புகுந்து ஆணையும் பெண்ணையும் சிறைக்கு இழுத்தார். அதெல்லாம் தெரிந்தவர்கள்தான் அவரை எதிர்கொள்ள வந்தார்கள்!

ஏன் எழுந்துவிட்டாய்? கோபமா? போகட்டும், வழி விடுங்கள் அம்மா, பச்சிலைத் தொட்டியைத் தட்டிவிடப் போகிறான்... அதோ, கப்பல் ஊதுகிறது! பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றியையும், மாதாவின் திருநாள்— யாரது, துறைப் பக்கமிருந்து கத்துவது? சரந்தியா?

"மாமா! இன்னும் என்ன பேச்சு? கயிறு வீசிட்டாங்க! பச்சிலைய நான் ஒடிச்சுட்டேன், பொலிக்ஸெனியக் கூட்டிட்டு எறங்கி வாங்க!"