மூன்று விரல் ஸ்டெடி

நீளமான கம்பியும் வீட்டு மாப்பிள்ளையும் ஒன்று, ஐயா. ஒரு முனையை மட்டும் பிடித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நடுவிலும் தாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டம் போடும்.

கம்பியைச் சுழற்றிக் கடையும் லேத்தில் அப்படித் தாங்குவதற்கு ஸ்டெடி என்று ஒன்று உண்டு. எங்கள் பட்டறையில் அது இல்லை. ஆறடி ஷாஃப்ட், அதாவது நீள இரும்புத் தண்டு, வேலைக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். நான்தான் பழைய பிளாஞ்ச் வளையம் ஒன்றை இரண்டாக அறுத்துக் கீல் வைத்தேன். உள்ளே ஷாஃப்டைத் தாங்க மூன்று விரல்கள், முனையில் பித்தளை. வளையத்தை மூடிப் பிடிக்க ஒரே ஒரு போல்ட். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயின.

தங்கை புருஷன் பக்கத்தில் இருந்தான். அவனைப் பட்டறையில் சேர்த்துவிட்டதே நான்தான். டார்ச் பிடித்தான்.

"மச்சான், உங்க கழுத்துல மாட்டிப் பாப்போமா? அளவு சரியா இருக்கும்" என்பான். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை முதலாளி பார்த்தார்.

"யாருய்யா இத செஞ்சது?"

"நான்தான் சார். மச்சான் கூடமாட ஒத்தாசை பண்ணாரு" என்று முந்திக்கொண்டான் தங்கை புருஷன்.

நான் அங்கேயே நின்றிருந்தேன், கையில் அரத்தோடு. மறுவாரம் அவன் ஃபோர்மேன். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"விடுங்க மச்சான், குடும்பத்துக்குள்ளதானே. யாருக்கு வந்தா என்ன?" என்று தோளில் தட்டினான்.

அன்று சாயங்காலம் தங்கை, "அவரு செஞ்சத பாத்தியாண்ணே?" என்று என்னிடமே கேட்டாள். பார்த்தேன் என்றேன்.

நான் கோபக்காரன் இல்லை, ஐயா. நிதானமாகத்தான் யோசித்தேன். அதைச் செய்தவனுக்கு ஒரு பழக்கம் இருக்கும். ஓட்டும் முன் அந்தப் போல்ட்டின் கழுத்தை நகத்தால் ஒருமுறை தடவுவான். மொத்த வளையமும் அதை நம்பித்தான் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே போல்ட்டைத் தலைக்குக் கீழே, கழுத்தில் முக்கால்வாசி அறுத்து, வெட்டில் கிரீஸும் கரியும் அப்பி மாட்டினேன். கண்ணுக்குத் தெரியாது, நகத்துக்குத் தெரியும். இதைவிட நியாயமான பரீட்சை உண்டா?

முதல் ஷாஃப்ட் வந்த அன்று முதலாளியே பார்க்க வந்தார். அவன் ஷாஃப்டை மாட்டினான், விரல்களைச் சரிசெய்தான், எண்ணெய் விட்டான். போல்ட்டைத் தடவவில்லை. நான் வாய் திறக்கவில்லை. பரீட்சை நடக்கும்போது விடை சொல்லக் கூடாது அல்லவா? "சார், வெளிச்சம் மறைக்குது, இப்படி வாங்க" என்று முதலாளியை மட்டும் நாலடி தள்ளி நிறுத்திக்கொண்டேன்.

அவன் லேத்தை ஓட்டினான். போல்ட் அறுந்து வளையம் திறந்தது. ஆறடி இரும்பு சாட்டை போலச் சுழன்றது. ஒரே அடிதான். அவன் கத்தக்கூட இல்லை.

லேத்தை நிறுத்தியது நான்தான். போல்ட்டை அறுத்தது நான்தான். ஸ்டெடியைச் செய்ததும் நான்தான். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பட்டறையில் இப்போது யாருக்கும் அதில் சந்தேகம் இல்லை.

தங்கைதான் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாளாம். கோபம் ஆறினால் சரியாகிவிடும். பாவம், அவளுக்கு இப்போது என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?