துடுப்பில் கேட்ட குரல்

சினிவா: இஞ்சினை நிறுத்துன்னு சொன்னேன்ல?

மாக்கா: எப்பவோ நிறுத்தியாச்சு. அடிச்சுக்கறது உன் நெஞ்சு.

சினிவா: வாயை மூடு, கிழட்டு நண்டே. எங்க அந்தத் திமிங்கலம்?

மாக்கா: வரும். பாவாடை நுனியைத் தூக்கிக்க, படகுல தண்ணி நிக்குது.

சினிவா: ரெண்டு வருஷமா இதே துக்கக் கறுப்புதான். நனைஞ்சா என்ன இப்ப?

மாக்கா: ஊர்ல எல்லாரும் ஒரு வருஷத்துல மாத்திடறாங்க...

சினிவா: அவங்களுக்குக் கல்லறை இருக்கு. பூ வைக்கறாங்க, விரிப்பு போர்த்தறாங்க, ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து பேசறாங்க. என் புருஷனைப் புயல்ல வாரிட்டுப் போன கடல் திருப்பியே தரலை. நான் எங்க போய் உக்கார்றது?

மாக்கா: அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்.

சினிவா: திரும்பச் சொல்லு. என்ன கேட்டே?

மாக்கா: நேத்துக் காலையில இங்க நங்கூரம் போட்டிருந்தேன். சும்மா துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, பிடியைக் காதுல வெச்சேன். திமிங்கலம் பாடறது அப்படிக் கேக்கும், உனக்குத்தான் தெரியுமே...

சினிவா: இழுக்காதே.

மாக்கா: உன் புருஷன் செமிசி பாடினான்.

சினிவா: கவா வேர்ச்சாறு குடிச்சு போதையில இருந்தியா?

மாக்கா: காலையில யாரு கவா குடிப்பா?

சினிவா: நீ குடிப்பே. அவனும் உன்கூட உக்காந்து குடிப்பான்.

மாக்கா: ஒரு சொட்டு இல்ல. சத்தியமா... ஏய், அங்க பாரு! பாறைக்கு இந்தப் பக்கம்!

சினிவா: யம்மா... எவ்ளோ பெருசு! நமக்குக் கீழயே வருதே!

மாக்கா: அசையாதே. ஒண்ணும் செய்யாது. இந்தா துடுப்பு. பிடியைக் காதோட ஒட்டி வெச்சுக்க.

சினிவா: உறுமுது. வெறும் உறுமல்தான் மாக்கா. இதுக்கா என்னை இவ்ளோ தூரம்... இரு.

மாக்கா: என்ன?

சினிவா: பேசாதே. பேசாதே... ஐயோ.

மாக்கா: கேக்குதா?

சினிவா: ஈஸ்டர் பாட்டு. நம்ம சர்ச் பாட்டு. கடைசிச் சுரத்தை விடமாட்டேங்கறான்... இழுத்துக்கிட்டே இருக்கான். போதகர் தலையில அடிச்சுக்குவாரே!

மாக்கா: எல்லாரும் முடிச்சு உக்காந்தப்புறமும் இவன் ஒருத்தன் நின்னு பாடிட்டிருப்பான். டோங்காத் தீவு முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருத்தன் கிடையாது.

சினிவா: மூச்சு வாங்கறதுகூட அவன்தான். மூக்குல ஒரு சத்தம் வரும், நான் கேலி பண்ணுவேன். மாக்கா... என் விலா எலும்புக்குள்ள பாடறான்.

மாக்கா: துடுப்பைக் கீழ வை.

சினிவா: மாட்டேன்.

மாக்கா: வெச்சுப் பாரு. இனிமே அது வேண்டாம்.

சினிவா: ... வெளியிலயே கேக்குது! ஆனா இது அவன் குரல் மட்டும் இல்லையே...

மாக்கா: வளைகுடா வாயைப் பாரு. எல்லாத் திமிங்கலமும் வருது. கீழ்க்குரல், மேல்குரல், பொம்பளைக் குரல்... பாடகர் குழு முழுசும் வருது. இப்படி ஒருநாளும் வந்ததில்ல!

சினிவா: ஒருநாளுமா? நேத்து ஒரு தடவைதான் கேட்டேன்னே?

மாக்கா: பாட்டைக் கேளு.

சினிவா: கடலே ஆடுது... நானும் பாடவா?

மாக்கா: அதை என்னைக் கேக்கறியா?

சினிவா: குரல் வரமாட்டேங்குது. நீ தொடங்கு.

மாக்கா: நான் பாடினா அத்தனையும் திரும்பி ஓடிடும்.

சினிவா: தொடங்குடா!

மாக்கா: சரி, தொடங்கறேன். கூடவே வா.

சினிவா: வந்துடுச்சு... பாடறேன், நிறுத்தாதே!

மாக்கா: முடிஞ்சுது.

சினிவா: ம்... அவன் மட்டும் இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

மாக்கா: அந்தத் திமிங்கலத்தோட கண்ணு... உன் முகத்தையே பாத்துச்சு, கவனிச்சியா?

சினிவா: பாத்துச்சு. அப்புறம் மெதுவாக் கீழ போச்சு. போகாதேன்னு கத்துவேன்னு நெனச்சேன். கத்தணும்னே தோணலை, மாக்கா. அதுதான் எனக்கு ஆச்சரியமா இருக்கு.

மாக்கா: அழறியா?

சினிவா: தண்ணி தெறிச்சுது. நீ?

மாக்கா: எனக்கும் தெறிச்சுது.

சினிவா: அவன் பேசினான்.

மாக்கா: பேசினானா?

சினிவா: துடுப்புல. பாட்டுக்கு நடுவுல. "மாக்காவை ஆக்லாந்துக்குப் போக விடாதே"ன்னான்.

மாக்கா: ஆக்லாந்தா... என் அக்கா வந்தாளா உங்கிட்ட?

சினிவா: வந்தா. வெளிநாட்டுல ஆப்பிள் தோட்டத்து வேலை, இந்த வாரமே கிளம்பறே, திரும்பி வர்றதா இல்லைன்னா. நீ ஒரு வார்த்தை சொன்னியா எங்கிட்ட?

மாக்கா: என்னன்னு சொல்ல? மீன் பிடிச்சா உன் வாசல்ல வெச்சுட்டு, நீ கதவைத் திறக்கறதுக்குள்ள ஓடறவன் நான். செத்தவன் என் சிநேகிதன், சினிவா. நாக்கு எப்படி வரும்? அவன் குரலை உங்கிட்ட ஒப்படைச்சுட்டுப் போயிடலாம்னு பாத்தேன்.

சினிவா: அதான் அவனே வேண்டாம்னுட்டானே.

மாக்கா: அவன் பேசமாட்டான்.

சினிவா: உனக்கெப்படித் தெரியும்?

மாக்கா: நேத்துன்னு சொன்னது பொய். திமிங்கலம் வர ஆரம்பிச்சதுலேர்ந்து தினமும் வர்றேன். உன்னைக் கட்டிக்கலாமான்னு அவன்கிட்டக் கெஞ்சியிருக்கேன். ஆமான்னும் சொன்னதில்ல, இல்லைன்னும் சொன்னதில்ல. பாட மட்டும்தான் செய்வான்.

சினிவா: தெரியும். இன்னைக்கும் பாடத்தான் செஞ்சான். போகாதேன்னு சொன்னது நான்.