மனுசின்னு ஒத்துக்கிடாத கம்ப்யூட்டர்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ். எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்:

“நேத்து கம்ப்யூட்டரு என்னைய மனுசின்னு ஒத்துக்கிடவே இல்லக்கா.”

“என்னட்டி சொல்லுத?”

“டீச்சர் வேலைக்கு அப்ளிகேஷன் போட நேத்துதான் கடைசி நாளு. நான் ரோபோ இல்லன்னு காட்டணுமாம். ரோட்டுல வெள்ளக்கோடு இருக்குற படத்தையெல்லாம் தொடச் சொல்லுது. ஏழு தடவ தொட்டேன், ஏழு தடவையும் தப்புன்னுடுச்சு.”

“நம்மூரு ரோட்டுல கோட்ட எங்க பாத்தோம்? பொறவு?”

“அழுகையே வந்துடுச்சு. எங்க வீட்டுக்காரவிய வந்து தொட்டாவ. மொத தடவையே அவியள மனுசன்னு ஒத்துக்கிட்டு, அப்ளிகேஷனும் போயிடுச்சு.”

“நல்லதாப் போச்சுல்ல?”

“என்னத்த நல்லது? கல்யாணமாகி பதினாறு வருசத்துல, அவியள மனுசன்னு நானே இன்னும் ஒத்துக்கிடல.”