மழை ஆற்றோடு பேசிய நாள்

மேடையில் அமர்ந்திருக்கும் நம் பேரிடர் எச்சரிக்கை நிலையத் தலைவர் அவர்களே! மழை, ஆறு, நில அதிர்வு அலுவலகங்களிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே! அக்காவின் கணவரே, அன்பு மகளே! கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

தகவல் பிரிவின் தலைவி, எங்கள் அலகு அக்கா, இன்று இல்லை. எந்தத் தாளை நீட்டினாலும், "இது மில்லிமீட்டரா, அங்குலமா? அலகு எங்கப்பா?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயரை வாங்கியவர். திட்டுவார். திட்டிவிட்டுத் தேநீரும் வாங்கித் தருவார்.

அவர் வந்தபோது நாம் எப்படி இருந்தோம்? மலையில் பெய்த மழை ஒரு கணினியில், ஆற்றில் ஏறிய நீர் இன்னொன்றில். இரண்டும் அடுத்தடுத்த கட்டடங்களில்தான் இருந்தன. ஆனால் ஒன்று சொல்வது மற்றதற்குப் புரியாது. ஒருவர் தொலைபேசியில் எண்களைச் சொல்ல, இன்னொருவர் எழுதிக்கொள்வார். அப்படி எழுதிக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் ஆற்றங்கரைக் குடியிருப்புக்குள் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் போயின.

அதன்பிறகு அக்கா சன்னலோரம் நின்று மேகங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கனவில் பேசுவதுபோலச் சொல்வார்: "மலைல பெய்யற மழை, தானே ஆத்துக்குச் சொல்லிட்டா எப்படி இருக்கும்! நடுவுல நாம எதுக்கு?"

நாங்கள் சிரித்தோம். அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எல்லா அலுவலகமும் ஒரே வடிவில் தகவல் அனுப்ப வேண்டும், இடமும் நேரமும் அலகும் கூடவே போக வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதானே!

ஆற்றுப் பொறியாளர் மேசையைத் தட்டினார். "எங்க அளவு எங்க தாத்தா காலத்துது. மாத்த முடியாது!"

"மாத்த வேணாம் தம்பி. எந்த இடத்தைப் பூஜ்யம்னு வெச்சு அளந்தீங்கன்னு மட்டும் சேர்த்து அனுப்புங்க. மிச்சத்தைக் கணினி பாத்துக்கும்."

பொறியாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்று முதலில் வந்து இந்த நாற்காலிகளைப் போட்டவரும் அவர்தான்.

அக்கா மருத்துவமனையில் இருந்தபோது பெருமழை பிடித்தது. மலையின் மழைமானி அனுப்பிய தகவல், ஒரு கையும் படாமல் ஆற்றின் கணினிக்குப் போயிற்று. அது நீரின் உயரத்தைக் கணித்து எச்சரித்தது. வெள்ளம் வந்தபோது குடியிருப்பில் ஒருவரும் இல்லை. பள்ளிக்கூட மாடியில் நின்று குழந்தைகள் மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மருத்துவமனையில் மகள் அக்காவின் காதருகே குனிந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மா, எல்லாரும் பத்திரம்மா."

கண் திறக்காமலே கேட்டார்: "யாரு போன் பண்ணாங்க?"

"யாருமே பண்ணலம்மா."

அந்த முகத்தில் மெல்லப் பரவிய சிரிப்பை எப்படிச் சொல்வேன்! மழைக்குள் தூரத்தில் ஒரு விளக்கு நகர்ந்து போவதுபோல் இருந்தது.

நண்பர்களே, வேலை முடிந்துவிட்டதா? கடல் இன்னும் தனியாகவே முணுமுணுத்துக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் இன்னும் வாயே திறக்கவில்லை. இணைப்போம்! அக்கா வகுத்த வடிவிலேயே இணைப்போம்! திங்கட்கிழமை காலை துறைமுக அலுவலகத்துக்குப் போகிறோம். அலைகளை அளக்கும் பெண் ஒருவர் அங்கே காத்திருக்கிறார்.

வண்டியில் இடம் இருக்கிறது. யார் யார் வருகிறீர்கள்?