சுவரைத் தட்டுகிறவருக்கே வீடு

பிள்ளைகளே, மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகிற பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"சுவத்தைத் தட்ட ஒத்துக்கினாதான் வீட்டை விப்பேன்" என்றார் ஒருவர். எனக்குக் காது நீண்டுவிட்டது.

அவர் பெயர் கமலா, மற்றவர் பாத்திமா என்று பேச்சில் தெரிந்தது. வரிசையாக ஒட்டிக் கட்டிய பழைய ஓட்டு வீடுகள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கமலா வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெருங்குடிக்குப் போகிறார்.

"வாங்க வந்தவங்ககிட்ட இதையா சொன்னே? இன்னா நெனைப்பாங்க?" என்றார் பாத்திமா.

"நெனைக்கட்டுமே. விடிகாலைல கொழாய்ல தண்ணி வர்றப்ப நான் சுவத்தைத் தட்டி எழுப்பலைன்னா உன் குடம் காலிதான்க்கா. உன் தூக்கத்துக்கு முன்னால கும்பகர்ணன் கெட்டான்."

"யாராவது ஒத்துக்கினாங்களா?"

"ரெண்டு பேரு சிரிச்சிட்டுப் போய்ட்டாங்க. நேத்து வந்த டீச்சரம்மா மட்டும், எந்த எடத்துல தட்டணும்னு கேட்டாங்க. அவங்களுக்குத்தான் குடுக்கப் போறேன்."

பாத்திமா அவர் பக்கம் திரும்பினார்.

"கமலா, தண்ணி வர்றதுக்கு முன்னாடி கொழாய் காத்து வுடுற சத்தத்துலயே எனக்கு முழிப்பு வந்துடும்டி. நீ தட்டுவேன்னுதான் படுத்துக்கினு இருப்பேன்."

"அடிப்பாவி! இத்தினி வருசமாவா?" கமலா அவர் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "அப்ப டீச்சரம்மாகிட்ட இன்னா சொல்லட்டும்? தட்ட வேணாம்னா?"

"ஐயோ, தட்டச் சொல்லு" என்றார் பாத்திமா.